இருபது பேரை எண்ண வந்தவள்

ஒரு சங்கம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதிக்கொடுக்க ஈப்போவிலிருந்து தஞ்சாவூருக்குப் போனேன். பெரிய வேலை ஒன்றுமில்லை, தலைகளை எண்ணினால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். எண்ண வேண்டிய தலைகள் இருபது.

இந்தச் சங்கங்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சமயங்களைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு உலகம் முழுக்கச் சங்கங்கள் உண்டு. சாமி கும்பிடுகிறவர்களின் சங்கங்கள் அல்ல, கும்பிடுகிறவர்களை ஓரமாக நின்று பார்த்துக் குறிப்பெடுக்கிறவர்களின் சங்கங்கள். கூட்டம் போடுவார்கள், இதழ் நடத்துவார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார். இவற்றுக்கெல்லாம் மேலே ஓர் உலகக் கூட்டமைப்பு இருக்கிறது. அதன் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூட வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். கைப்பேசித் திரையில் முகம் காட்டினால் செல்லாது. மூன்று ஆண்டு தொடர்ந்து தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள்.

தஞ்சைச் சங்கத்தில் அறுபது பேர். இரண்டு ஆண்டு தவறியிருந்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்குக் கூட்டமைப்பு ஒரு பார்வையாளரை அனுப்ப முடிவு செய்தது. பக்கத்து நாட்டில் இருப்பவள், தமிழ் தெரிந்தவள், விதிப்புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான்தான். அந்தப் பெயரை மறுக்கவும் முடியாது. எங்கள் ஈப்போ வட்டத்தில் தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம் என்றால் பதினாறாவது நிமிடம் கோப்பையைப் பிடுங்குவேன்.

முதல் நாள் திருச்சியில் இறங்கிப் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் என் பெட்டிக்குத் தனியாக ஒரு டிக்கெட் கிழித்தார். எங்கள் ஊரில் பெட்டிக்கு டிக்கெட் கிடையாது என்றேன்.

"அங்க பெட்டி நிக்குமா, ஒக்காருமா?" என்று கேட்டார்.

என் பெட்டி ஜன்னலோர இருக்கையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த அம்மாள் வல்லம் வரும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் கேட்டேவிட்டார். "ஒங்களுக்குப் பூர்வீகம் எதுங்க?"

எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றேன். உண்மை அதுதான். யாரோ கப்பல் ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள், ஊர்ப்பெயரை நடுக்கடலில் தொலைத்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. என் முகத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தார்.

"மூக்கப் பாத்தா மன்னார்குடிப் பக்கம் மாரி தெரியிது," என்று முடிவு சொன்னார். ஆதாரம் போதாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இறங்கும்போது அவர் என் கையில் ஒரு கொய்யாப்பழம் கொடுத்ததால் மன்னார்குடியை ஏற்றுக்கொண்டேன்.

விடுதி வாசலில் சங்கச் செயலாளர் ஞானாபரணம் காத்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், லுத்தரன் சபைக்காரர். ஸ்கூட்டரை விட்டு இறங்கியும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் முடி கலைந்துவிடும் என்றார். உள்ளே முடி இல்லை என்பதை மறுநாள்தான் பார்த்தேன்.

"வாங்க மேடம், வாங்க. சாப்ட்டீங்களா? நாளான்னக்கி கூட்டம் ஜாம்ஜாம்னு நடக்கும். அறுவது சேர் போட்டாச்சு. சாப்பாடும் அறுவது எலைக்குச் சொல்லியாச்சு."

"இருபது தலை இருந்தால் போதும் சார்," என்றேன்.

"அதென்ன இருவது," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு வருடமாக அந்த எண் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டாம் நாள் காலை சங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். ஓர் உரக்கடையின் மாடியில் ஒரே அறை. சுவர் முழுக்க உலகச் சங்கங்களிலிருந்து மாற்றாக வந்த ஆய்விதழ்கள். ஜப்பானியச் சவச்சடங்கு பற்றிய இதழைப் புரட்டினால் பூச்சிமருந்து வாடை வந்தது. கீழே ஆட்கள் மூட்டை மூட்டையாக உரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் எங்களால் பேச முடியவில்லை. "என்ன இன்னக்கி இவ்ளோ வியாபாரம்," என்று அலுத்துக்கொண்டு ஞானாபரணம் ஜன்னலைச் சாத்தினார்.

பிறகு தன் பெருமைக்குரிய பொருளை எடுத்து மேசையில் விரித்தார். ஒரு கைக்குட்டை அளவுக்குள் ஓர் ஆண்டையே அடக்கிய அட்டவணை. ஆறு நாள்காட்டிகளைச் சேர்த்துத் தானே தயாரித்தது.

"போன ரெண்டு வருசமும் தேதியிலதான் கோட்ட விட்டேன் மேடம். ஒரு தடவ சஷ்டி விரதம், ஒரு தடவ நோம்பு. இந்தத் தடவ விடல. ஞாயித்துக்கெழம கத்தோலிக்கருக்குப் பூச, எங்களுக்கு ஆராதன. வெள்ளிக்கெழம தொழுக. பொரட்டாசி சனிக்கெழம பெருமாளுக்கு. அமாவாச, கிருத்திக, பிரதோஷம், நவராத்திரி, ஜெபமாலை மாதா திருநாள், எல்லாத்தயும் அடிச்சுட்டு வந்தா நடுவுல ஒரே ஒரு புதன்கெழம மிஞ்சுது பாருங்க."

அந்தப் புதன்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். நான் அசந்துபோனேன். எந்தச் சாமியும் குறுக்கே வராத ஒரு நாளைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கண்டுபிடிப்பது சாமானியமா?

அந்தச் சங்கத்தின் இன்னொரு வழக்கத்தையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். சங்க இதழில் யாரும் தன் சமயத்தைப் பற்றித் தானே எழுதக் கூடாது. இந்து உறுப்பினர் மாதா கோவில் திருவிழாவைப் பற்றி எழுதலாம். கிறிஸ்தவர் அய்யனார் கோவிலைப் பற்றி எழுதலாம். முஸ்லிம் இரண்டையும் எழுதலாம். அவரவர் வீட்டுச் சாமியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. சொந்தச் சாமியைப் பற்றி எழுதினால் கட்டுரை பஜனையாகிவிடும் என்பது தொடக்க காலத்து உறுப்பினர்களின் தீர்மானம். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது. எனக்கு எல்லா விதியுமே பிடிக்கும்.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. ஈப்போவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் போதும் என்றால் நிறுத்துவார்கள். இங்கே போதும் என்றால் குழம்பை மாற்றுகிறார்கள். மூன்றாவது தடவை இலையின் மேல் கையைக் குடையாகப் பிடித்தேன். பரிமாறுகிறவர் என் விரல்களுக்கு இடையில் மோரை ஊற்றிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அசோகா வாங்கித் தருகிறேன் என்று ஸ்கூட்டரில் திருவையாற்றுக்கு அழைத்துப் போனார். அசோகா என்றால் பாசிப்பருப்பில் செய்கிற இனிப்பு. வாயில் வைத்த உடனே அது தொண்டைக்குள் போய்விடுகிறது, நெய் மட்டும் விரலில் தங்கிவிடுகிறது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி ஆற்றைக் காட்டினார். கரைக்குக் கரை தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறது என்றேன். அழகுதான் என்றார் அவரும். சமயங்களை ஆராயும் இரண்டு பேர் அவ்வளவு தண்ணீரை நின்று பார்த்துவிட்டு, இது எங்கே போகிறது என்று யோசிக்காமல் இன்னும் நூறு கிராம் அசோகா வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. ஒரு மண்டபத்தில் அறுபது நாற்காலி, அறுபது இலை, பதினோரு உறுப்பினர்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கைப்பேசி ஒலிக்கத் தொடங்கியது. ஞானாபரணம் ஒவ்வொரு அழைப்பையும் எடுத்து, கேட்டு, "சரிங்க, சரிங்க," என்று சொல்லி வைத்தார். ஆறாவது அழைப்பில் பேசினவரின் குரல் எனக்கே கேட்டது.

"மொற வந்துருச்சு சார். தண்ணி தெறந்து விட்டுட்டாங்க. நாத்தப் பறிச்சுப் போட்டாச்சு, நடவாளு எறங்கியாச்சு. எப்புடி சார் வர்றது?"

பக்கத்தில் இருந்த பஷீர் என்ற உறுப்பினர் எனக்கு விளக்கினார். அணையில் தண்ணீர் குறைவாக இருக்கும் ஆண்டில் எல்லா வாய்க்காலிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் விடமாட்டார்கள், முறை வைத்து விடுவார்கள். உங்கள் வாய்க்காலுக்கு முறை வந்தால் அந்தச் சில நாட்களுக்குள் நட்டாக வேண்டும், விட்டால் நாற்று முற்றிவிடும். சங்கத்து உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாத்தியார் வேலையோடு நிலமும் வைத்திருக்கிறவர்கள். அதிலும் குடவாசல் பக்கத்துக்காரர்கள் அதிகம்.

ஞானாபரணம் தன் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தார். ஆறு நாள்காட்டி, மூன்று சமயம், ஒரு வருடத்து விரதம் அத்தனையும் அதில் இருந்தன. பொதுப்பணித் துறையின் தண்ணீர் முறை அதில் இல்லை.

"சாமியெல்லாம் பாத்தேன், தண்ணியப் பாக்கல," என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவர் ஒருவர் உட்கார்ந்திருந்தது பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

நான் கூட்டமைப்பின் செயலாளரைக் கைப்பேசியில் அழைத்தேன். ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பேராசிரியை. அங்கே விடியற்காலை, ஆனாலும் எடுத்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"உறுப்பினர்கள் எங்கே?"

"வயலில். நாற்று நடுகிறார்கள்."

"பேராசிரியர்கள் நாற்று நடுகிறார்களா? நல்லது. அது சமயச் சடங்கா? சடங்கு என்றால் ஒரு மாதம் அவகாசம் தர விதியில் இடம் இருக்கிறது."

மண்டபத்தில் இருந்த பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஞானாபரணம் கைகளைக் கூப்பவில்லை, அவ்வளவுதான். ஒரு வார்த்தை போதும். முதல் நாற்றுக்குக் கும்பிடு போடுவதுண்டு, அதைச் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"இல்லை," என்றேன். "சடங்கு இல்லை. பயிர்."

பஷீர் பெருமூச்சு விட்டார். கூட்டமைப்புச் செயலாளர், அப்படியானால் மறுநாள் மாலைக்குள் வேறு இடத்தில் மறுபடி கூட்டலாம், அதுவும் தவறினால் பெயரை நீக்கும்படி எழுதிவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மதியம் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் அறுபது பேர் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் என்னோடு பேசவில்லை. பாயசம் மட்டும் வந்தது. என் மேலேயே எனக்குக் கோபமாக இருந்தது. ஆனால் நாற்று நடுவதைச் சடங்கு என்று எழுதிவிட்டு ஊரில் போய் மாணவர்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

கைகழுவும்போது ஞானாபரணம் வந்து பக்கத்தில் நின்றார். "அவுங்க வரலைன்னா நாம போயிருவோம் மேடம். குடவாசல் பக்கம் ஒரே வாய்க்காலுக்கு ரெண்டு கரையிலயும் நம்மாளுங்க ஒம்பது பேரு இருக்காங்க. பதினொண்ணும் ஒம்பதும் இருவது."

"மீதிப்பேர்?"

"மீதிப்பேரு மூணு தாலுக்காவுல செதறிக் கெடக்காங்க. இந்த ஒம்பதுல ஒண்ணு கொறைஞ்சாலும் போச்சு." குழாயை மூடினார். "அதுல ரெண்டு பேரு ஒம்பது வருசமா ஒருத்தரோட ஒருத்தரு பேசுறதில்ல. அத வண்டியில சொல்றேன்."

நான்காம் நாள் காலை ஒரு வேனில் கிளம்பினோம். பன்னிரண்டு பேரும் ஓர் அண்டா புளியோதரையும். அன்று இரவு எனக்கு விமானம்.

கும்பகோணம் தாண்டியதும் சாலையில் பாதி காணவில்லை. குறுவை அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில் காயப் போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் முழுச் சாலையையும் பரப்பிவிட்டு ஒரு பெரியவர் காலால் கிளறிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"மேலேயே ஏற்றிப் போகலாமே, வைக்கோல் மேல் வண்டிகள் போகுமே," என்றேன்.

ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்தார். "வைக்கோலு வேற, நெல்லு வேறங்க. நெல்லு மேல ஏத்தச் சொல்றீங்களா?" என் பூர்வீகம் மன்னார்குடியாக இருக்க முடியாது என்பது அவருக்கு மட்டும் தெரிந்துபோயிற்று. பெரியவர் ஒரு வண்டி அகலத்துக்கு நெல்லைக் கூட்டித் தள்ளும்வரை முக்கால் மணி நேரம் நின்றோம். எங்கள் ஊரில் இப்படி நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான். இங்கே பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து நெல்லை ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பார்த்து, இன்னும் ஒரு காய்ச்சல் காயணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் ஞானாபரணம் சண்டையின் கதையைச் சொன்னார்.

கலியமூர்த்தி, ஆரோக்கியசாமி இருவரும் கல்லூரி ஆசிரியர்கள். வயல்கள் எதிரெதிர்க் கரை. சங்க விதிப்படி கலியமூர்த்தி எதிர்க்கரை ஊரின் மாதா கோவில் தேரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தேர் முதலில் நிற்பது ஊர்ப் பெரிய வீட்டு வாசலில் என்று அதில் இருந்தது. ஆரோக்கியசாமி அந்தத் தேரை வருடாவருடம் இழுக்கிறவர். முதலில் நிற்பது நெல் களத்தில், பெரிய வீடு இரண்டாவதுதான் என்றார். மறுப்பு எழுதி இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். தன் சமயத்தைப் பற்றித் தானே எழுதக் கூடாது அல்லவா? தேர் இழுக்கிறவனுக்குத் தேர் எங்கே நிற்கிறது என்று சொல்ல உரிமை இல்லையா என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்டார் ஆரோக்கியசாமி. இல்லை என்றது விதி. அப்படியானால் அந்த ஆளின் தரையில் இனி நான் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனவர்தான்.

"ரெண்டு பேரும் தண்ணி விசயத்துல மட்டும் கரெக்டா இருப்பாங்க," என்றார் ஞானாபரணம். "இவரு மொற முடிஞ்சா அவருக்கு மடையத் தெறந்து வுட்டுட்டுப் போவாரு. அவரும் அப்புடித்தான். பேச்சுதான் கெடையாது."

நெல்லைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார். "மேடம், பட்டியல்ல பேரு போனா எனக்கு ஒண்ணும் கொறையப் போறதில்ல. ஆனா ஒலகத்துப் பட்டியல்ல இருக்கோங்கறதுனாலதான் இவுங்க இன்னும் சந்தா கட்டுறாங்க, கூப்புட்டா வர்றாங்க. அது போச்சுன்னா சங்கம் போச்சு. இந்தப் பக்கத்துல ஒருத்தரு சாமியப் பத்தி இன்னொருத்தரு எழுதி, அதத் தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லி, அதுக்கப்பறம் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுற எடம் வேற எங்க இருக்கு சொல்லுங்க?"

விதிப்புத்தகத்தைப் பையின் அடிக்குத் தள்ளினேன்.

வாய்க்கால் கரையை அடைந்தபோது பதினொரு மணி. ஒரு பக்கம் நாற்றங்காலில் கட்டிவைத்த நாற்று முடிகள், ஒரு பக்கம் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர்கள் வரப்பிலிருந்து ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். முழங்கால் வரை சேறு, காதில் பேனா. கடைசியாகக் கலியமூர்த்தி வந்தார். பத்தொன்பது.

இருபதாவது எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தது. மடித்துக் கட்டின வேட்டி, தோளில் மண்வெட்டி. நடுவில் ஓடும் வாய்க்கால் ஐந்தடி அகலம் இருக்கும்.

"வாங்க ஆரோக்கியசாமி," என்று கூப்பிட்டார் ஞானாபரணம்.

"நான் வந்துட்டேனே சார். இங்கேருந்தே எல்லாம் நல்லாக் கேக்குது. எண்ணிக்குங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்தடிதானே, பேச்சுக் கேட்கிறது, முகம் தெரிகிறது, ஒரே இடம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எண்ணுவதற்குக் கையைத் தூக்கினேன்.

கலியமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "செயலாளர் சார், ஒரு விளக்கம். இந்த வாய்க்காதான் ரெண்டு ஊருக்கும் எல்ல. அடங்கல் கணக்குலயே அப்புடித்தான் இருக்கு. அவரு நிக்கிறது வேற ஊரு. வேற ஊருல நிக்கிறவரு எப்புடி ஒரே எடத்துல நிக்கிறதா ஆவும்? நான் சங்கத்துக்கு எதிரா சொல்லல. நாளைக்கி யாரும் செல்லாதுன்னு சொல்லிறக் கூடாது பாருங்க."

அவரைத் தள்ளிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன், அதுதான் இன்னும் எரிச்சல்.

"செல்லாது," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "மன்னிக்க வேண்டும். இரண்டு கரையை ஒரே இடம் என்று என்னால் எழுத முடியாது."

"அப்ப இந்தக் கரைக்கு வந்துருங்க ஆரோக்கியசாமி," என்றார் ஞானாபரணம். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

"அவரு நெலத்துல நான் கால் வைக்கமாட்டேன் சார். அன்னக்கே சொல்லிட்டேன்."

"நீங்க அங்க போறீங்களா கலியமூர்த்தி?"

"கூப்புடாத நெலத்துக்கு நான் எப்புடிங்க போறது? அவரக் கூப்புடச் சொல்லுங்க."

"நான் எதுக்குக் கூப்புடணும்னு அவர்ட்ட கேளுங்க சார்."

ஞானாபரணம் வேனில் வரும்போதும் கழற்றாத ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெறும் தலையில் வெயில் பட்டது. நடவு நடுகிற பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் கைப்பையைத் திறந்து கூட்டமைப்பின் அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். அதைத் தவிர எனக்குச் செய்ய வேறு என்ன இருக்கிறது?

அப்போது எதிர்க்கரையிலிருந்து ஆரோக்கியசாமி கேட்டார். "சார், இந்த வாய்க்கா எந்த ஊருன்னு அவர்ட்ட கேளுங்க."

ஞானாபரணம் திரும்பினார். கலியமூர்த்தி யோசித்தார். ஆதாரம் இல்லாமல் அவர் வாயைத் திறப்பதில்லை. "வாய்க்கா எந்த ஊரும் இல்ல. புறம்போக்கு. சர்க்காருது."

"அப்ப அது அவரு தரை இல்லைல்ல?"

"இல்ல. என் தரையும் இல்ல, அவரு தரையும் இல்ல."

ஆரோக்கியசாமி மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு வாய்க்காலில் இறங்கினார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்தார். "மேடம், இது ஒரே எடமா?"

நான் விதிப்புத்தகத்தை எடுக்கவில்லை. அதில் வாய்க்கால் இல்லை என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். "எல்லாரும் இறங்கினால் ஒரே இடம்தான்," என்றேன்.

கலியமூர்த்தி இறங்கினார். பஷீர் பேண்ட்டைச் சுருட்டினார். ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கினார்கள். ஞானாபரணம் நடவடிக்கைப் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கினார். பார்வையாளர் கூட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். தண்ணீர் குளிர்ச்சியாக, வேகமாக இருந்தது. அடியில் சேறு காலைப் பிடித்து இழுத்தது. பஷீர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடி இது, சாமி கும்புடுறாங்களா?" என்று ஒரு பெண் கேட்டார்.

"இல்லடி. சாமி கும்புடுறவங்களப் பத்திப் படிக்கிறவங்களாம்."

"படிக்கிறதுக்கு ஏன் தண்ணியில நிக்கணும்?"

நான் எண்ணினேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரண்டாவது தடவையும் எண்ணினேன். இருபது. சங்கம் தொடர்வது என்ற தீர்மானத்தை ஞானாபரணம் மனப்பாடமாகச் சொன்னார், இருபது கைகள் உயர்ந்தன. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. புத்தகம் தலைக்கு மேல் இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. எனக்கும் வந்தது. எனக்குச் செருப்பு இடைஞ்சல்.

கீழ்ப்பக்கத்திலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "யாருய்யா வாய்க்காவ அடச்சது? தண்ணி பாதியாக் கொறஞ்சுபோச்சு." இருபத்தோரு பேர் நிற்பதைப் பார்த்ததும் கரையில் குந்தினார். பஷீர் அவர் கையில் ஒரு பொட்டலம் புளியோதரையைக் கொடுத்தார்.

"வேறு பொருள் உண்டா?" என்று வழக்கப்படி கேட்டார் ஞானாபரணம். எல்லாக் கூட்டத்திலும் கேட்கும் கேள்விதான், யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.

"உண்டு," என்றார் ஆரோக்கியசாமி. "தன் சமயத்தப் பத்தி எவனும் கட்டுர எழுத வேணாம், சரி. ஆனா தப்பா எழுதுனதத் திருத்த மட்டும் அந்தச் சமயத்துக்காரனுக்கு உரிம வேணும். விதியத் திருத்தணும்னு முன்மொழியிறேன்."

"ஆட்சேபண," என்றார் கலியமூர்த்தி. பழக்கப்படி ஞானாபரணத்தைப் பார்த்துத்தான் தொடங்கினார். நான்கு வார்த்தைக்குள் தலை திரும்பிவிட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு நேராக ஆரோக்கியசாமியின் முகத்தைப் பார்த்தார். "நீங்க எங்க அய்யனாரு குதிர எடுப்புத் திருவிழாவப் பத்தி எழுதுனீங்களே, அதுல மூணு தப்பு இருக்குங்க. நானும் விதிக்குக் கட்டுப்பட்டு ஒம்பது வருசமா வாய மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஆரோக்கியசாமியின் முகம் மாறியது. வருத்தமா ஆவலா என்று முதலில் தெரியவில்லை. ஒரு அடி முன்னால் வந்தார்.

"மூணா? சொல்லுங்க."

கலியமூர்த்தி விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினார். முதல் தப்புக்கே பஷீர் குறுக்கே வந்தார். வேறு இரண்டு பேர் கலியமூர்த்தி பக்கம் சேர்ந்தார்கள். ஞானாபரணம் தண்ணீரில் நின்றபடி வேகவேகமாக எழுதினார். எங்கள் ஈப்போ வட்டத்தின் கடைசிக் கூட்டம் நினைவுக்கு வந்தது. எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடித்தோம். இவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருந்தது. விமானத்துக்கு நேரமாகிறது என்று ஓட்டுநர் கரையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். நான் கரையேறி வேனில் உட்கார்ந்தபோது இரண்டாவது தப்பு நடந்துகொண்டிருந்தது.

திருச்சி போகும் வழியில் படிவத்தை நிரப்பினேன். இடம்: புறம்போக்கு வாய்க்கால். வந்திருந்தோர்: இருபது. தொடங்கிய நேரம் எழுதினேன். கூட்டம் முடிந்த நேரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் ஞானாபரணத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். பின்னால் ஆரோக்கியசாமியின் குரல் உரக்கக் கேட்டது, அதற்கு மேல் கலியமூர்த்தியின் குரல். "இன்னும் முடியல மேடம்," என்றார். அந்தக் கட்டத்தை அப்படியே காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.